ஊதாச் செருப்பும் ஒரு மைனஸும்

டஸ்டரைத் தட்டும் சாக்கில் வெளியே வந்து சுரேந்தர் சார் செருப்புகளை எண்ணிக்கொண்டிருந்தார். அவர் அறை வாசலில் ஒன்பது ஜோடி. மனைவி வர்ஷினி பாடம் நடத்தும் பக்கத்து அறை வாசலில் பதினான்கு. நேற்றுப் பதிமூன்றுதானே? மறுபடியும் எண்ணினார்.

"ஏனுங்க, எண்ணி முடிச்சுப்போட்டீங்கன்னா அந்த டஸ்டரை இங்க குடுங்க" என்று உள்ளேயிருந்து வர்ஷினியின் குரல் வந்தது.

சோமனூரில் பத்தாம் வகுப்புக் கணக்கு டியூஷன் என்றால் சுரேந்தர் சார்தான். கீழ்வீட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி எழும் தொண்டை, மடிப்புக் கலையாத சட்டை, அச்சடித்த மாதிரி எழுத்து. இரண்டு வருடம் முன்பு, தேறாது என்று ஒதுக்கிய நான்கு பேரை, "இதுகளோட நீயே மாரடி" என்று வர்ஷினி பக்கம் தள்ளிவிட்டதும் அவரேதான். வளர்த்த கடா மார்பில் பாயும் என்று யார் கண்டது? வயிறு எரிந்தது. வெளியே சொல்லி ஆறவும் வழியில்லை, சொந்தப் பெண்டாட்டி ஆயிற்றே!

பின்னம் கூட்ட அவருக்கு ஒரே வழிதான். "கீழ இருக்கற ரெண்டையும் கண்ணை மூடிட்டுப் பெருக்கிப்போடுங்க கண்ணுகளா, தப்பே வராது." தப்பு வராது, பலகைதான் போதாது. அன்றைய கணக்கு x²/(x−3) + 9/(3−x). பெருக்கினார், விரித்தார். மேலே நான்கு உறுப்புகள், கீழே இரண்டு அடைப்புக்குறிகள். சுருக்க இடமில்லாமல் பலகையின் மரச்சட்டத்தில் முட்டி நின்றார்.

முன்வரிசைத் தேஜஸ்ரீ, "மிஸ்கிட்டக் கேட்டுட்டு வாரேனுங்க சார்" என்று நோட்டோடு எழுந்து போனாள். இரண்டே நிமிடத்தில் திரும்பினாள்.

"3−x-ஐ x−3ன்னு திருப்பிப்போட்டு, முன்னால ஒரு மைனஸ் வெச்சாங்க சார். ரெண்டுக்கும் கீழ ஒண்ணே ஆயிருச்சுங்க. மேல x²−9. பிரிச்சு அடிச்சா x+3 தானுங்க!"

விடை சரி. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"இதெல்லாம் குறுக்கு வழி. பரீட்சைல மார்க் போட மாட்டாங்க." வாய் கூசாமல் சொல்லிவிட்டார்.

"சரிங்க சார்" என்று தேஜஸ்ரீ உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில், மாடிக் குழாயில் தண்ணீர் குடித்து வருவதாகச் சொல்லிப் போனாள். நோட்டும் கூடவே போயிற்று. ஆள் திரும்பவில்லை. பக்கத்து அறையில் அவள் சிரிப்பது கேட்டது.

சார் டஸ்டரை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். எட்டு. அந்தப் பக்கம் பதினைந்து. கடைசியில் தேஜஸ்ரீயின் ஊதாச் செருப்பு.

மாடிப்படியை ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு ஊதாச் செருப்பைக் கால் கட்டைவிரலால், ஒவ்வொன்றாக, சத்தமில்லாமல் தன் வாசலுக்கு நகர்த்தி வைத்துவிட்டு, முதலிலிருந்து எண்ணினார்.