ஆர்லிஸ் வீட்டுப் பரணில் ஒரு வௌவால்

சோபாவின் நான்கு மூலைகளிலும் கொக்கிகளை மாட்டிவிட்டு, ஆர்லிஸ் பெட்டிகுரூ சுவரோரம் இருந்த கைப்பிடியைச் சுழற்றத் தொடங்குகிறார். சோபா ஒரு முனகலோடு தரையை விட்டு எழும்புகிறது. அதன்மேல் அவருடைய அக்கா நெட்டா உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறார்.

"நான் இன்னும் எந்திரிக்கலடா."

"அப்படியே இரு. வெயிட் தாங்குதான்னு பாக்கறேன்."

"என்னைய என்னடா வெயிட் பாக்கறது?"

"உன்னையில்ல. கயித்தை."

நெட்டா உரித்த பட்டாணி ஒன்றைக் குறிபார்த்து எறிகிறார். அது ஆர்லிஸின் தொப்பியில் பட்டுத் தெறிக்கிறது. சோபா தொடர்ந்து மேலே போகிறது.

மிசௌரி மாநிலத்தில் எங்கள் ஊரின் ஆற்றோரத் தெருவில் இந்தக் காட்சி யாருக்கும் புதிதில்லை. நான் எதிர்வீடு. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறேன். ஆர்லிஸ் படகு இழுக்கும் வண்டிகளையும், கயிறு சுற்றிப் படகை அந்த வண்டியில் ஏற்றும் வின்ச்சுகளையும் பழுது பார்த்தே வாழ்க்கையை ஓட்டியவர். ஒரு வெள்ளத்தில் தன் சாமான்களெல்லாம் குப்பையாகிப் போனதும், கடையில் கிடந்த பழைய வின்ச்சுகளைக் கொண்டுவந்து உத்தரத்தில் பூட்டினார். சோபா, கட்டில், குளிர்பதனப் பெட்டி, நெட்டாவின் தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் கயிறு உண்டு. வானொலியில் ஆற்றின் மட்டத்தைச் சொல்லும்போது, அந்தக் குரல் கொஞ்சம் தயங்கினாலே கைப்பிடியைப் பிடித்துவிடுவார். முதலில் தெருவே சிரித்தது. அடுத்த வெள்ளம் வடிந்தபின் எங்கள் சோபாக்கள் சேறு சொட்டச் சொட்ட நடைபாதையில் கிடந்தன. ஆர்லிஸ் தன்னுடையதைக் கீழே இறக்கி அதில் சாய்ந்துகொண்டு பேஸ்பால் பார்த்தார்.

ஆற்றை அவர் 'அவன்' என்றுதான் சொல்வார். வெள்ளிக்கிழமைதோறும் கெளுத்தி மீன் வறுப்பார். "என் வீட்டுக்குள்ள கேக்காம வர்றான்ல, அவன் வீட்டு ஆளை நான் திங்கறேன்" என்பது கணக்கு. மற்றவர்கள் வாசலில் செருப்பு விடும் இடத்தில் அவர் இடுப்புவரை ஏறும் ரப்பர் பூட்ஸை நிறுத்தி வைத்திருப்பார். புதிதாக வருபவர்கள் யாரோ பாதி ஆள் நிற்பதாக நினைத்துத் திடுக்கிடுவார்கள்.

கயிறு சாமான்களைத்தான் காப்பாற்றியது. சுவர் ஊறியது, பூஞ்சை பிடித்தது. நெட்டா இருமினார். அந்த இருமல் எதிர்வீட்டில் எனக்குக் கேட்கும்.

அப்போதுதான் எங்கள் மாவட்ட நிர்வாகமான கவுண்டியில் ஒரு திட்டம் வந்தது. ஆற்றோர வீடுகளை அரசாங்கமே விலைக்கு வாங்கிக்கொள்ளும், இடித்துவிட்டுப் புல் விளையவிடும், இனி அங்கே யாரும் வீடு கட்ட முடியாது. நாங்கள் மேட்டுப் பக்கம் போய்விடலாம். தேவாலயத்தின் அடித்தளக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். கவுண்டி அலுவலர் ரோண்டா ஸ்ட்ராப் விளக்கினார். நாங்கள் எல்லாரும் சம்மதித்தோம். நெட்டா அன்றைக்கே புது வீட்டு ஜன்னல் திரைக்கு அளவெடுக்கலாமா என்று கேட்டார்.

"முதல்ல சுற்றுச்சூழல் ஆய்வு முடியணும்" என்றார் ரோண்டா.

ஆர்லிஸ் எழுந்தார். "வீட்டை எடுத்துட்டுப் புல்லு விடப்போறீங்க. அதுல சூழலுக்கு என்னம்மா கெடுதல்? புல்லு வந்து புல்லைக் கடிச்சிடுமா?"

கூடம் சிரித்தது. ரோண்டாவும் சிரித்தார். ஆனால் ஆய்வு நடந்தது.

முதலில் ஒல்லியான ஒருவர் வந்து, வீடு பழையது, வரலாற்று மதிப்பு இருக்கலாம் என்றார். ஆர்லிஸ் அவரை அழைத்துப்போய்க் குளியலறைக் கதவைக் காட்டினார். "எங்கப்பா இதை உள்பக்கமாத் தாழ் போட்டுட்டு ஜன்னல் வழியா வேட்டைக்குப் போயிட்டாரு. எங்கம்மா சாயங்காலம்வரைக்கும் கதவைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க. வரலாறுன்னா அதான்." அவர் எதையோ குறித்துக்கொண்டு போனார். பிறகு பழம்பொருள் தேடுகிறவர்கள் வந்து கொல்லையில் குழி தோண்டினார்கள். மண்ணைச் சலித்து, துரு ஏறிய ஒரு முள்கரண்டியை மரியாதையோடு தட்டில் வைத்தார்கள். நெட்டா எட்டிப் பார்த்தார். "இது என்னோடது. இவன்தான் மண்புழு தோண்ட எடுத்துட்டுப் போனான்" என்று வாங்கிக் கழுவி இழுப்பறையில் போட்டுக்கொண்டார். இன்னொருவர் நாங்கள் குடிபோக இருந்த மேட்டில் ஒரு கருவியை நிறுத்தி ரயில் சத்தத்தை அளந்தார், அது அதிகமாக இருக்கிறது என்று கவலைப்பட்டார். ஆர்லிஸ் அவரிடம், "தம்பி, சமையக்கட்டுக்குள்ள ஆறு நுழையற சத்தத்தையும் அந்த மிஷின்ல ஒருதரம் அளந்துடுங்க. எது பெருசுன்னு பாத்துக்கலாம்" என்றார்.

கடைசியில் வந்தவள் டெஸ். வௌவால்களைப் பற்றிப் படித்தவள், சின்னப் பெண், தலையில் விளக்கு கட்டியிருந்தாள். கூரைக்கடியில் அறைபோல இருந்த பரணில் ஏறியவள் இறங்கி வரும்போது முகமெல்லாம் ஒட்டடை, முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மிஸ்டர் பெட்டிகுரூ, உங்க பரண்ல ஒண்ணு இருக்கு. ரொம்ப அருகிப்போன இனம். குட்டி போட்டிருக்கும்போல."

"நல்லதா கெட்டதா?"

"அதுக்கு நல்லது. உங்களுக்கு... குளிர் வந்து அது குகைக்குப் போறவரைக்கும் வீட்டை இடிக்க முடியாது. அதனால வாங்கறதும் தள்ளிப்போகும்."

"நான் வரி கட்டறேன். அது கட்டுதா?"

அவள் அடுத்த நாள் அந்தி நேரத்தில் வந்து, வௌவால் வெளியே பறப்பதைப் பார்க்க ஒரு நாற்காலி போட்டுத் தோட்டத்தில் உட்கார்ந்தாள். ஆர்லிஸ் வாசலில் நின்று சத்தமாகவே முணுமுணுத்தார். அதற்கடுத்த நாள் நான் பார்த்தபோது தோட்டத்தில் இரண்டு நாற்காலிகள். நெட்டா சோள ரொட்டியும் மோரும் கொண்டுவந்து வைத்தார். அன்றிலிருந்து ஆர்லிஸ் வௌவாலைக் 'குடித்தனக்காரி' என்று கூப்பிடத் தொடங்கினார். "வாடகை பாக்கி" என்று மட்டும் தினமும் ஒருதரம் சொல்லிவிடுவார்.

ஆய்வுகள் முடியவில்லை. ஒரு துறை முடித்தால் இன்னொரு துறை கேட்டது. தெருவில் பொறுக்க முடியாதவர்கள் கிடைத்த விலைக்கு யார் யாருக்கோ விற்றுவிட்டுப் போனார்கள். அடுத்த இளவேனிலில் ஆறு மறுபடி வந்தது.

வழக்கம்போல சோபா மேலே போனது. நெட்டாவும் ஆர்லிஸும் பரணுக்குப் போனார்கள். இந்தமுறை தண்ணீர் இறங்கவில்லை. தீயணைப்புக்காரர்களின் படகில் நானும் ஏறிப் போனேன். பரண் ஜன்னல் வழியே நெட்டாவை இறக்கியபோது அவர் மூச்சு கரகரவென்று இரைந்தது. ஆர்லிஸ் அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு படகின் மூலையில் உட்கார்ந்திருந்தார்.  

நெஞ்சில் சளி கட்டி, நெட்டா ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "குடித்தனக்காரி நனைஞ்சுட்டாளா?"

"அவ உனக்கு முன்னாடியே பறந்துட்டா. உனக்குத்தான் ரெக்கை இல்ல."

சொல்லிவிட்டு வெளியே வந்து, தண்ணீர்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பின் நடந்த கூட்டத்தில் அவர் எழுந்தபோது எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தோம். அவர் தொப்பியைக் கழற்றினார். "ரோண்டா, நீங்க நல்லவங்க. உங்களைக் குத்தம் சொல்லல. வௌவாலைப் பாத்தாங்க, மண்ணைப் பாத்தாங்க, ரயில் சத்தத்தைப் பாத்தாங்க. எல்லாம் சரிதான். எங்கக்கா நெஞ்சை யாரு பாத்தாங்க? அவளும் இந்தச் சூழல்லதானே இருக்கா?" உட்கார்ந்துவிட்டார். ரோண்டா பேனாவை எடுத்துக் குறிக்கத் தொடங்கினார். அந்தப் பேச்சை அப்படியே எழுதி மேலே அனுப்பியதாகப் பிற்பாடு சொன்னார்.

அவர் அனுப்பியதால்தானா, எல்லா ஊர்களிலும் இதே புலம்பல் கிளம்பியதாலா, எனக்குத் தெரியாது. கோடை முடியும்போது விதியைத் தளர்த்திவிட்டார்கள். வெள்ளத்தில் அடிபட்ட வீட்டை வாங்கி, இடித்து, நிலத்தை வெறும் புல்லாக விடுவதற்கு இனி அந்த நீண்ட ஆய்வு தேவையில்லை. மேட்டில் ஏற்கெனவே கட்டிய வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கும் அப்படியே. ரோண்டா இதை அறிவித்தபோது கூடம் கைதட்டியது. நான் விசில் அடித்தேன். நெட்டா கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தார்.

ஆர்லிஸ் கை தூக்கினார். "அப்ப அந்த வௌவாலு?"

"இனிமே அதுக்குன்னு தனியா காத்திருக்க வேண்டாம், மிஸ்டர் பெட்டிகுரூ. அடுத்த மாசமே இடிச்சுடலாம்."

"தண்ணி வடிஞ்சதும் அவ திரும்பி வந்துட்டா. அடுத்த மாசமும் பரண்லதான் இருப்பா."

"இருக்கலாம்."

"அவகிட்ட யாராவது சொன்னீங்களா?"

நெட்டா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். "உக்காருடா. இத்தனை நாளா அவளைத் திட்டித் தீத்தவன் நீதானே."

"திட்டறது வேற. அது எங்க வீட்டு விஷயம்." ரோண்டாவின் பக்கம் திரும்பினார். "வீட்டை இன்னிக்கே வாங்கிக்கங்க. நாங்க இன்னிக்கே போறோம். அதுல ஒரு நாள்கூடத் தாமசம் வேண்டாம். ஆனா காலியான வீட்டை இடிக்கறதுக்கு என்ன தலைபோற அவசரம்?"

பின்வரிசையில் யாரோ, "ஆர்லிஸ், ஆய்வு வேண்டாம்னு கத்தினதும் நீதான், வேணும்னு கத்தறதும் நீதானா?" என்றார்கள்.

"ஆமா. ரெண்டு வாட்டியும் சரியாத்தான் கத்தியிருக்கேன்."

ரோண்டா பேனாவின் நுனியைக் கடித்தபடி தெருவின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லா வீடுகளையும் ஒரே ஒப்பந்தக்காரர்தான் இடிக்கப்போகிறார். தெரு நீளமானது. "எந்த முனையிலேருந்து ஆரம்பிக்கணும்னு எந்த விதியும் சொல்லல" என்றார் கடைசியில். "உங்க வீடு கடைசி முனைன்னு வச்சுக்கலாம்."

"அது முதல் முனையாச்சே" என்றார் ஆர்லிஸ். நெட்டா அவரை மிதித்தார். அவர் வாயை மூடிக்கொண்டார்.

அப்படியே ஆயிற்று. இலையுதிர் காலத்துக்குள் நாங்கள் மேட்டுக்குக் குடிபோனோம், இங்கே பக்கத்துப் பக்கத்து வீடு. கீழே இயந்திரம் தெருக்கோடியிலிருந்து வீடு வீடாக வந்தது. முதல் உறைபனி விழுந்தபின் டெஸ் வந்து பரணில் ஏறிப் பார்த்து, இறங்கி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அன்று மத்தியானம் வீடு விழுந்தது. ஆர்லிஸ் பார்த்துக்கொண்டு நின்றார். கூரை உள்வாங்கியபோது, "வாடகை தராமலே போயிட்டா" என்றார். டெஸ் சிரித்தாள். நெட்டா வரவில்லை. புது வீட்டில் திரைச்சீலை தைத்துக்கொண்டிருந்தார்.

நெட்டாவின் இருமல் நின்றுவிட்டது. இப்போது அவருக்கு ரயில்தான் பகை. அது போகும்போது தட்டுகள் ஆடுகின்றனவாம், சத்தம் தாங்கவில்லையாம். "அளக்க வந்த அந்தப் பையன் சொன்னது சரிதான்" என்று என்னிடம் குறைப்பட்டார். பிறகு கொஞ்சம் யோசித்து, "ஆனா ரயிலு கதவைத் திறந்துட்டு உள்ள வர்றதில்ல" என்றார். ஆர்லிஸ் இன்னும் மேட்டின் உச்சியில் நின்று வானொலியில் ஆற்று மட்டம் கேட்கிறார். மட்டம் ஏறினால் ஒரு மாதிரி திருப்தியோடு தலையாட்டுகிறார், ஊரைவிட்டு வந்த தன்னைக் கடன் கொடுத்தவன் பழைய வீட்டில் தேடி அலைவதைக் கேள்விப்பட்டவர்போல.

போன ஞாயிற்றுக்கிழமை, மழை விட்டதும், ஆறு எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கீழே போனோம். எங்கள் தெரு இப்போது ஒரே புல்வெளி. எது யார் வீடு என்று சொல்ல ஒரு செங்கல்கூட இல்லை. புல் முழங்கால்வரை, ஈரமாக, காற்றில் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. நான் ஆற்றைப் பார்த்து நேராக நடந்தேன். பாதி தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் ஆர்லிஸ் என்னோடு இல்லை. அவர் புல்லுக்கு நடுவே ஓர் இடம்வரை நேராக வந்து, இடப்பக்கம் திரும்பி, கொஞ்சதூரம் நடந்து, பிறகு வலப்பக்கம் திரும்பி, தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு வந்துகொண்டிருந்தார். மூலையில் வரும்போது, மழைநீர்க் குழாய் நீட்டிக்கொண்டிருந்த இடத்தில், தோளைச் சற்று ஒடுக்கிக்கொண்டார்.