புல் இல்லாத கோல்ஃப்

இந்தத் தெலுங்கு ஊரில், ஏ.எஸ். ராவ் நகரில் என் பாட்டுக்கு ரிட்டையர் ஆகி உட்கார்ந்திருந்தவனை, போன வாரம் என் தங்கை மகன் கார்த்திக் ஃபிளாட் பார்க்க இழுத்துக்கொண்டு போனான். கோயம்புத்தூரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தவன். கட்டடத்தின் பெயரில் 'ஹெரிட்டேஜ்' இருந்தது, 'கோல்ஃப்' இருந்தது, 'வியூ' இருந்தது. பால்கனியில் நின்று பார்த்தால் எதிர் டவரில் காயப்போட்ட லுங்கி தெரிந்தது. "கோல்ஃப் எங்கேம்மா?" என்றேன். விற்க வந்த பெண் கொஞ்சமும் கூசாமல் கீழே கைகாட்டினாள். கல்யாண மண்டபத்தில் விரிப்பார்களே, அந்தப் பச்சை பிளாஸ்டிக் விரிப்பு, நடுவில் ஒரு குழி. தூ!

"மாமா, சும்மா இருங்க. இங்க நெஜமாவே பழைய கோல்ஃப் மைதானம் இருந்துச்சாம்" என்று காதைக் கடித்தான் கார்த்திக். என்னிடமே சொல்கிறான், பாருங்கள்!

கீழே கார் நிறுத்துமிடத்தில் யாரோ பைக்குக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தார். கறுத்துப்போன ஆயில் வாடை உங்களுக்கு மெக்கானிக் கடையை ஞாபகப்படுத்தும். எனக்கு அதுதான் கோல்ஃப் வாடை. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

எங்கள் ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால் வெள்ளைக்காரன் காலத்து மைதானம் அது. யார் வேண்டுமானாலும் ஆடலாம். புல் என்ற பேச்சே கிடையாது. செம்மண், பாறை, மேயும் ஆடுகள். குழியைச் சுற்றி மட்டும் மணலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து அழுத்தி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பிரவுன். பந்தைக் குழிக்குள் தள்ளிய பிறகு, மிதித்தவர்களே ஒரு பலகையை இழுத்துக் கால்தடத்தை அழித்துவிட்டுத்தான் நகர வேண்டும். பெரிய ஆபீசரும் இழுப்பார், ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்த என் அப்பாவும் இழுப்பார். கோல்ஃப் காசில்லாதவர்கள் ஆட்டம் என்று நான் நம்பியிருந்தேன். அதைக் கல்லூரியில் வாய்விட்டுச் சொல்லி வருஷம் பூராவும் கிண்டல் வாங்கினேன்.

அப்பாவுக்கு அரக்கோணம். வாரமெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வீட்டில் வாயே திறக்காத மனுஷன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், பாறையைத் தாண்டிப் பந்தை அடித்துவிட்டு, "பாத்தியா, பாத்தியா!" என்று என் தோளைப் பிடித்து உலுக்குவார். அந்த அப்பா எங்களுக்கு அந்த ஒரு நாள்தான் கிடைப்பார்.

பிறகு மைதானத்து கிளப்புக்கு ஒரு புதுச் செயலாளர் வந்தார். நம் தமிழ் ஆள்தான், அதுதான் கொடுமை. எங்கோ குளிர்ப் பிரதேசத்தில் புல்லைப் பார்த்துவிட்டு வந்த மேதை. ஆயில் மணலில் ஆடுவது ஊருக்கே அவமானமாம். பிரவுனையெல்லாம் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டுப் புல் நட்டார். புல்லைக் காக்க வேலி, வேலியைக் காக்க வாட்ச்மேன். வாட்ச்மேன் எங்கள் லைனில் குடியிருந்த துரை.

"அண்ணே, நக்கோ, வேணாம். செருப்போட உடமாட்டாங்க. ஷூ வேணும்."

"இன்னா துரை, எனக்கேவா?"

"நான் இன்னாண்ணே பண்றது?"

அப்பா கேன்வாஸ் ஷூ வாங்கினார். அடுத்த வாரம் காலர் வைத்த சட்டை கேட்டார்கள். மாமா கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு போனார். அதற்கடுத்த வாரம் உறுப்பினர் அட்டை வேண்டும் என்றார்கள். செயலாளரையே போய்ப் பார்த்தோம். அந்த மகாபிரபு அப்பாவின் மட்டைகளைப் பார்த்துச் சிரித்தார்.

"மெம்பர்ஷிப் எல்லாம் உங்களுக்கு எதுக்குங்க? புல்லுக்கு ரோலர் இழுக்க ஆள் வேணும். ஞாயித்துக்கிழமை வாங்களேன், கிரவுண்டைப் பார்த்த மாதிரியும் இருக்கும்."

அப்பா மட்டைகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். 'போய்யா' என்று ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்கலாம்.

புல் என்ன ஆனது என்கிறீர்களா? முதல் ஏப்ரலிலேயே பொசுங்கிவிட்டது. இந்த ஊர் வெயிலில் பாறைமேல் புல் நிற்காது என்று தெரிந்துதானே வெள்ளைக்காரனே ஆயில் ஊற்றினான்? அதைச் சொன்னால் கேட்கிற ஆளா அவர்! புல்லும் இல்லை, பிரவுனும் இல்லை. ஆட ஆளில்லாத வீண் நிலம் என்று சொல்லி, பிற்பாடு கட்டடக்காரர்களுக்குத் தூக்கிக் கொடுத்தார்கள்.

வேலியைப் பிரித்த ஞாயிற்றுக்கிழமை துரை எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தான். "அண்ணே, புல்லு செத்துப்போச்சு! வேலியப் பிரிச்சுட்டாங்க. வாண்ணே, ஆடலாம்!"

அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "எங்க ஆடுறது? அங்க இன்னா கீது?" என்றார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஒரு தபா போய்ட்டுதான் வாயேன்" என்று அம்மா கெஞ்சினாள். அவர் எழவில்லை.

அங்கே கட்டடம் எழும்ப இன்னும் பல வருஷம் ஆனது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அன்றைக்கே போய்விட்டது. அப்பா சாப்பிட்டார், படுத்தார், திங்களன்று வேலைக்குப் போனார். சாகும்வரைக்கும் அவர் சந்தோஷத்தில் சத்தம் போட்டு நான் கேட்கவில்லை.