கோட்டைக் கதவைத் திறந்தவன் யார்?

பழைய புத்தகம் விற்கிறவனுக்கு ஒரு கதையும் முழுசாகக் கிடைக்காது. நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எனக்கு வாசிக்கிற ருசியைக் கொடுத்தது வாரப் பத்திரிகையில் வந்த ஒரு ராஜா கதை. விஷம் வைக்கும் மந்திரி, இரண்டு பக்கமும் நல்லவனாகப் பேசும் தளபதி, மகனை ஒளித்து வளர்க்கும் சின்ன ராணி. கோட்டைக்குள் இருந்த யாரோ எதிரிக்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். யார் என்பது கடைசியில்தான் வரும். புத்தகமாக வராத கதை அது. வாராவாரம் கிழித்துச் சேர்த்து பைண்ட் செய்தவர்களிடம் மட்டும் மூன்று பாகமாக இருக்கும். என்னிடம் இருந்தது இரண்டு. தொடர்கதையைப் பாதியில் விட்டுத் தவித்தவர்களுக்கு என் நிலைமை புரியும்.

பௌர்ணமி பஜ்ஜி

மூன்றாம் பாகம் ஒருமுறை கைக்கு வந்தது. வேங்கிக்காலில் வீட்டைக் காலி செய்தவர்கள் கொடுத்தார்கள். கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிற ஆள் நான் இல்லை. கிரிவலம் முடித்து நிதானமாகப் படிக்கலாம் என்று, அடி அண்ணாமலையில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கும் மச்சானிடம் பையைக் கொடுத்துவிட்டு நடந்தேன். திரும்பி வந்தால் பை காலி. "கூட்டம் ஜாஸ்தி மாமா, தாள் கம்மியாப் போச்சு. பழைய பேப்பர்தானேன்னு கிழிச்சுட்டேன். அட்டை பத்திரமா இருக்கு" என்றான். அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை.

மறுநாள் காலையில் பாதையோரம் எண்ணெய்த் தாள்களைப் பொறுக்கினேன். ஒரு தாளில் ராணி தளபதியிடம், "கதவுக்கு யார் காவல்?" என்று கேட்கிறாள். பதில் வரும் தாள் எந்த ஊருக்குப் போனதோ. நான் நின்றபடியே படிப்பதைப் பார்த்துப் பாதை கூட்டும் அம்மா சொன்னாள்: "படிச்சுட்டுக் கீழ போடாத பெரியவரே, கூடையில போடு."

போனில் இல்லாத கதை

ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த சென்னைக்காரர் ஒருவர், அரசியலும் சூழ்ச்சியுமாகப் பெரிய சரித்திரக் கதை வேண்டும் என்று கேட்டார். விற்கமாட்டேன், உட்கார்ந்து படியுங்கள் என்று இரண்டு பாகத்தையும் கொடுத்தேன். தினமும் வந்து, டீ ஆறுவது தெரியாமல் படித்தார். முடித்ததும் அடுத்த பாகத்துக்குக் கை நீட்டினார். இல்லை என்றேன். அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் தனியாக வாடியவன் நான். போனை வெகுநேரம் நோண்டிவிட்டுக் கேட்டார்: "இப்படி ஒரு கதை வந்ததாவே இதுல இல்லையே, நீங்களே எழுதிட்டு ஒளிச்சு வச்சிருக்கீங்களா?"

பின்பக்கம்

போன மாதம் ஒரு அம்மா, இறந்துபோன தன் அப்பாவின் பைண்டிங் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். பிரித்தால் மூன்றாம் பாகம். அவர் எதிரிலேயே கடையைப் பாதி சாத்திவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். மறுநாள் மாலை கடைசிக்கு வந்தேன். ராஜா விளக்கைத் தூக்கிப் பிடிக்கிறான். கதவருகே நின்ற ஆள் திரும்புகிறான். அதற்கு மேல் அட்டைதான்.

அந்த அம்மா வீட்டுக்கே போய்க் கேட்டேன். கதையைப் படித்தவர் அப்பா ஒருவர்தானாம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தார்: "அந்தத் தாளுக்குப் பின்பக்கம் மார்கழிக் கோலம் வந்திருந்ததுங்க. பைண்டுக்குப் போறதுக்கு முன்னாடியே எங்க அண்ணி கிழிச்சுகினாங்க. கோலம் எனக்கு இன்னும் மனப்பாடம், உங்க கடை வாசல்ல போட்டுக் காட்டட்டுங்களா?"

கதவைத் திறந்தவன் யாரென்று தெரியாமலே, அழகான கோலம் போட்ட வாசலில் உட்கார்ந்துகொண்டு, முகமே பார்த்திராத ஓர் அண்ணியோடு பேச்சை நிறுத்தியிருக்கிறேன்.