உயிரோடு இருப்பவருக்கு மாலை

தொண்ணூறுகளின் நடுவில், டொரொண்டோவின் மில்லிக்கன் பகுதியில் ஒரு பிளாசாவில் இருந்த படச்சட்டக் கடையில் கண்ணாடி வெட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசையில் சட்டம் அடித்தவர் ஒரு சீன ஓவியர். ஊரில் அதிகாரிகளைக் கிண்டலாக வரைந்தவர். அங்கே அவர் கடைசியாக வைத்த கண்காட்சியை ஒரு மணித்தியாலத்தில் பூட்டிவிட்டார்களாம். இதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வரும். எனக்குக் கோபம் வரும். எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம்தான். ஆனால் விழுங்கிப் பழகியிருந்தேன்.

டொரொண்டோ வந்தும் அவர் திருந்தவில்லை. எங்கள் முதலாளிதான் அந்தப் பிளாசாவுக்கும் சொந்தக்காரர். திறப்புவிழா என்றால் கத்தரிக்கோலோடு முன்னுக்கு நிற்பவர். ஓவியர் அவரை ஆளுயரத்தில் வரைந்தார். ரிப்பன் கிடைக்காமல், பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி தன் கழுத்து ரையையே வெட்டிக்கொண்டு நிற்கிறார். முதலாளி அதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். தன்னை ஒருவர் இவ்வளவு பெரிதாக வரைந்ததே அவருக்குப் பெருமை. கண்காட்சிக்குத் தன் மண்டபத்தையும் கொடுத்தார். கனடாவில் ஓவியருக்கு அதுதான் முதல் கண்காட்சி.

அதற்கு முந்திய வாரம் அவர் சென் ஜேம்ஸ் ரவுணில் என் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். சுவரில் மாலை போட்டிருந்த என் அண்ணனின் படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"பெரிய மனிதரா?"

"எங்களுக்குப் பெரியவர்தான்" என்றேன். செத்துப்போனவர் என்று சொல்ல வாய் வரவில்லை. பிழை என்னுடையது.

திறப்பு நாளன்று மண்டபத்துக்குள் போனால், முதலாளியின் படத்தில் பிளாஸ்டிக் மல்லிகை மாலை தொங்குகிறது! ஓவியர் தமிழ்க் கடையில் தேடி வாங்கியிருக்கிறார். நான் அவரிடம் போவதற்குள், நான் அழைத்திருந்த, டோர்செட் பார்க்கில் இருக்கும் அன்ரி வந்துவிட்டார். தன் வீட்டுச் சாமிப் படங்களுக்கெல்லாம் எங்கள் கடையில் சட்டம் போட்டவர். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார்.

"ஐயோ பிள்ளை, உங்கட முதலாளியெல்லே! எப்ப மோசம் போனவர்?"

நேரே முதலாளியின் மனைவியிடம் போய்க் கையைப் பிடித்து, முதியோர் இல்ல வேலையில் பழகிய ஆங்கிலத்தில் அனுதாபம் சொன்னார். அந்த நேரம் பார்த்து முதலாளி சோடாவோடு வந்து நின்றார்.

"ஆள் உயிரோட நிக்குது, பிள்ளை!" என்று அன்ரி என் பக்கம் திரும்பினார்.

மாலைக்கு என்ன அர்த்தம் என்று முதலாளி என்னைக் கேட்டார். சொன்னேன். அவர் முகம் கறுத்தது. இப்போதே அதைக் கழற்றாவிட்டால் மண்டபத்தைப் பூட்டுவேன், உங்கள் இரண்டு பேருக்கும் நாளையிலிருந்து வேலையும் இல்லை என்றார். கழற்ற வேண்டியவள் நான்தானாம்.

ஓவியர் அப்போது சிரிக்கவில்லை. "உன் அண்ணன் எப்படி இறந்தார்?" என்று மெல்லக் கேட்டார்.

"கேள்வி கேட்டதற்காக."

"வழக்கம் உன்னுடையது. கழற்றினால் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்."

ஏணியில் ஏறினேன். கை மாலைவரை போனது. கீழே முதலாளி விரலால் எனக்குக் கட்டளை போட்டுக்கொண்டு நின்றார். அந்த விரலைப் பார்த்ததும், ஊரிலும் இங்கேயும் விழுங்கி வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. ஒரு பக்கம் சரிந்திருந்த மாலையை நேராக்கிவிட்டு இறங்கினேன்.

"மாட்டன்" என்றேன். பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

அரை மணித்தியாலத்தில் மண்டபம் பூட்டப்பட்டது. ஊரில் கிடைத்ததில் பாதி நேரம்தான் என்று ஓவியர் குறைப்பட்டார். அதன்பிறகு அவர் உயிரோடு இருக்கும் பெரிய மனிதர்களையே மாலையோடு வரைந்தார். மாலையின் அர்த்தம் தெரிந்ததும் ஒருவர் தவறாமல் எல்லோரும் கோபித்தார்கள். நகரத்து ஓவியக் கலரிகள் அவரைத் தேடி வந்தன.

எனக்கும் ஒன்று வரைந்து தரச் சொன்னேன். இப்போது அண்ணனுக்குப் பக்கத்தில் என் படம் மாலையோடு தொங்குகிறது. அன்ரி வரும்போதெல்லாம் பதறுவார்.

"உதைக் கழட்டு பிள்ளை, அபசகுனம்!"

"எனக்கு நானே போட்டிட்டன் அன்ரி. இனி ஆருக்கு நான் பயப்பிடுறது?"