ஒரு கையெழுத்துக்காக மயிலாப்பூர், அடையாறு, தி. நகர்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போய்வந்தவர்கள் எழுதித் தள்ளிவிட்டார்கள். நான் போய்வந்தது மயிலாப்பூரிலிருந்து அடையாறு, அங்கிருந்து தி. நகர், மறுபடி மயிலாப்பூர். வழியில் மலை கிடையாது. அருவி உண்டு, முதுகில். ஆனாலும் அடுத்த ஆண்டு நம் கல்லூரியில் பலர் இதே பயணத்துக்குக் கிளம்பத்தான் போகிறார்கள். அவர்கள் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கிளம்பியது ஆகஸ்ட் மாதத்து வெள்ளிக்கிழமை. காரணம், பி.எஸ்சி. முதலாண்டுக்குக் கல்லூரியில் கட்ட வேண்டிய சம்பளம். அப்பா அச்சகத்தில் பிழை திருத்துபவர். மற்றவர்களின் பிழையைத்தான் திருத்த முடிகிறதே தவிர, எங்கள் வீட்டு வரவு செலவைத் திருத்த முடியவில்லை. பணமில்லாதவனுக்குக் கல்லூரி அலுவலகத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன. ஒன்று, திருப்பித் தர வேண்டாத உதவித்தொகை. என் மார்க்கைப் பார்த்ததும் அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு, மாலையில் ஒரு மணி நேரம் நூலகத்தில் புத்தகம் அடுக்கிச் சம்பாதிப்பது. என்னை உள்ளே விடுவதற்கே நூலகர் யோசிப்பார், காசு கொடுத்தா கூப்பிடுவார்? மூன்றாவது, கடன் உதவித்தொகை. மத்திய சர்க்கார் கொடுக்கும். கல்லூரி விண்ணப்பம் வாங்கி, வருமானம் சரிபார்த்து, பணம் வந்ததும் பட்டுவாடா செய்யும். படித்து வேலைக்குப் போனபின் மாதத் தவணையில் திருப்பிக் கட்ட வேண்டும்.

அது எனக்குக் கிடைத்துவிட்டது. பத்திரம் மட்டும் பாக்கி. எனக்குப் பதினெட்டு ஆகாததால் அப்பா கையெழுத்து. அதற்குமேல், சொந்த வீடோ கடையோ உள்ள இரண்டு பேர் ஜாமீன். முதல் ஜாமீன் எங்கள் வீட்டுக்காரர். வாடகைக்கு ஆபத்து வரக்கூடாதே என்ற நல்லெண்ணத்தில் போட்டுவிட்டார். இரண்டாவது அடையாறு பெரியப்பா. போன வாரமே "வாடா, போட்டுத் தரேன்" என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

அலுவலகக் குமாஸ்தா சொன்னது இது: "வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு ஜன்னல சாத்திடுவேன். அப்புறம் உன் இடத்துக்கு, லிஸ்ட்ல அடுத்த பையன்." அப்பா சொன்னது இன்னும் சுருக்கம்: "ஆகலேன்னா திங்கக்கிழமை என்னோட அச்சகத்துக்கு வந்துடு. காலேஜெல்லாம் போதும்."

காலை எட்டு மணிக்குக் குளத்தருகே பஸ் ஏறினேன். மந்தைவெளி தாண்டி, அடையாற்றுப் பாலம் தாண்டி, சுமார் நான்கு கிலோமீட்டர். டிக்கெட் இருபது பைசா. ஒரு ரூபாய் நோட்டை நீட்டினால் கண்டக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா நைனா, காலங்காத்தால நோட்ட நீட்டிக்கினு கீற? சில்ற இன்னா என் வூட்லயா காய்க்குது?" என்றார். ஆகவே முதல் யோசனை, சில்லறை கொண்டு போங்கள்.

பெரியப்பா வீட்டில் உபசாரத்துக்குக் குறைவே இல்லை. பெரியம்மா நாலு இட்லி போட்டாள். பெரியப்பா குளித்துக்கொண்டிருந்தார். பிறகு பூஜை. பிறகு பேப்பர். பத்திரத்தை எடுத்த மாத்திரத்தில் இன்னும் இரண்டு இட்லி வந்தது.

"ஆத்துல எல்லாரும் சௌக்கியந்தானே?" என்றார்.

"சௌக்கியம் பெரியப்பா. இதுல ஒரு கையெழுத்து..."

"போடத்தான் போறேன். ஆனா ஜாமீன்னா சும்மாவா? எங்காத்துல ஒன் அக்கா கல்யாணம் முடியட்டும், ஆவணி போகட்டும், நெதானமா பண்ணிண்டா போச்சு."

"இன்னிக்கு நாலு மணிதான் கடைசி பெரியப்பா."

"அதனால என்னடா, அடுத்த வருஷம் இல்லாமயா போயிடும்? நீ காபியக் குடி."

இட்லி கிடைத்தது, இனிஷியல்கூடக் கிடைக்கவில்லை. மாட்டேன் என்று சொல்லாமல் மறுக்கும் இந்த முறையில் வயிறு நிறைந்துவிடும், அதனால் கோபமும் சரியாக வராது. பத்தே காலுக்கு வெளியே வந்தேன்.

சொந்தக் கட்டடம் உள்ளவர் என்று எனக்குத் தெரிந்த இன்னொரு ஆள், தி. நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவர் கடை நோட்டீசெல்லாம் அப்பாவின் அச்சகத்தில்தான் அடிப்பார்கள். சைதாப்பேட்டை வழியாகச் சுற்றிக்கொண்டு போகும் பஸ். எட்டு கிலோமீட்டர், முப்பது பைசா, முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே. பனகல் பூங்காவில் இறங்கி நடந்தேன்.

கடையில் கல்யாணப் பாத்திரம் வாங்க வந்த கூட்டம். ஒன்றரை மணி வரை அண்ணாச்சி என் பக்கமே திரும்பவில்லை. திரும்பியபோது முகம் மாறியது.

"ஏல, நீ அந்த மெரினா ஃபேன் பயதான?"

விஷயம் இதுதான். கோடையில், கடற்கரைக்கு வருகிறவர்களுக்குப் புழுக்கமாயிருக்கிறது, சர்க்கார் மின்விசிறி மாட்ட வேண்டும் என்று ஒரு மனு எழுதிக் கடை கடையாகக் கையெழுத்து வாங்கினேன். படிக்காமல் எத்தனை பேர் போடுவார்கள் என்று பார்க்க ஆசை. அண்ணாச்சி இரண்டாவதாகப் போட்டார்.

"வாரவன் போறவன்லாம், 'அண்ணாச்சி, கடலுக்கு ஃபேன் வந்துட்டா'ன்னு கேட்டுட்டுப் போறான். இனி வாசிக்காம ஒண்ணுலயும் கையெழுத்துப் போட மாட்டேன். இது என்ன? சந்திரனுக்கு ட்யூப் லைட்டா?"

"கடன் அண்ணாச்சி. காலேஜ் சம்பளத்துக்கு."

"வாசி."

பத்திரம் ஆங்கிலம். வரி வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னார். நடுவில் பழைய வரியை மறுபடி கேட்டு, இரண்டு தடவையும் ஒன்றாகச் சொல்கிறேனா என்று பார்த்தார். நானே அதை முழுதாகப் படித்தது அப்போதுதான். கூடவே கொடுத்திருந்த விதிகளில் ஓரிடத்தில் நின்றேன்: கடன் வாங்கியவர் ஆசிரியர் வேலைக்குப் போனால், வேலை பார்க்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் பத்தில் ஒரு பங்கு தள்ளுபடி.

அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்பம் பத்து வருசம் வாத்தியாரா இருந்தா கடனே கெடையாது. எனக்கும் பயம் கெடையாது. போவியா?"

கடையில் வேலை பார்க்கும் பையன்கள் ஆறு பேர், எல்லோரும் என் வயசு. கொல்லென்று சிரித்தார்கள். முருகேசன் என்பவன், "இவரு வாத்தியாரா? அப்பம் பள்ளிக்கொடத்த யாரு காப்பாத்துவா?" என்றான்.

"சிரிக்காதல," என்றார் அண்ணாச்சி. "தம்பி, இந்தப் பயலுக்கு எடைக் கணக்கே வராது. இவனுக்குச் சொல்லிக்குடு பாப்போம். அவனுக்கு ஏறுச்சுன்னா கையெழுத்து."

மணி இரண்டேகால்.

ஒரு எவர்சில்வர் தூக்கைத் தராசில் வைத்தேன். அறுநூற்றைம்பது கிராம், கிலோ நாற்பது ரூபாய். பின்னம், தசமம் என்று கல்லூரிப் பாணியில் ஆரம்பித்தேன். முருகேசன் கொட்டாவி விட்டான். இரண்டாம் முறை சொன்னேன், மற்ற ஐந்து பேருக்கும் கொட்டாவி தொற்றியது. அண்ணாச்சி பத்திரத்தை மடித்து என் பக்கம் தள்ளினார். திங்கட்கிழமை அச்சக வாசனை மூக்கில் ஏறியது.

தூக்கை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போய், வாடிக்கையாளனாக உள்ளே வந்தேன்.

"தம்பி, அரைக் கிலோ இருபது ரூபா. மிச்சம் நூத்தம்பது கிராம், அது ஒரு நாலு ரூபா. இருபத்து நாலு இந்தா, கட்டிக் குடு, பஸ்ஸுக்கு நாழியாச்சு."

முருகேசன் தூக்கைப் பிடித்துக்கொண்டான். "அய்ய! நூறு கிராமே நாலு ரூவா. அந்த அம்பது கிராமு ஓசியா? இன்னும் ரெண்டு எடும். இருவத்தாறு!"

பையன்கள் விசில் அடித்தார்கள். வேறொரு பாத்திரத்தில் வேறு மாதிரி ஏமாற்றினேன். அதிலும் பிடித்துவிட்டான். அடுத்தவன், "என்னைய ஏமாத்தும் பாப்போம்" என்று வந்து நின்றான். பொய்க் கணக்கு போடுவதில் எனக்கு நிகர் யார்!

அண்ணாச்சி பேனாவைத் திறந்தார். "ஞாயித்துக்கெழம தோறும் சாயங்காலம் வந்து இவனுவள ஏமாத்திட்டுப் போ" என்று சொல்லிக்கொண்டே போட்டார். நிறுத்தி நிதானமாக, முழுப் பெயரும்.

மயிலாப்பூருக்கு நான்கு கிலோமீட்டர், இருபது பைசா. இந்த முறை சரியான சில்லறை. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஜன்னலை அடைந்தேன். குமாஸ்தா கையெழுத்துகளை எண்ணிப் பார்த்து, முத்திரை குத்தி, "பணம் வர மார்ச் ஆகும். அதுவரைக்கும் சம்பளத்துக்கு அவகாசம்னு பிரின்சிபாலுக்கு ஒரு லெட்டர் குடு" என்றார். அந்த லெட்டரை அங்கேயே எழுதிக் கொடுங்கள். மறந்தவர்களின் பெயர் நோட்டீஸ் போர்டில் ஏறுகிறது.

மொத்தச் செலவு எழுபது பைசா. கிளம்புகிறவர்களுக்கு என் யோசனை: வாக்குக் கொடுத்தவரிடம் ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள், அதுவும் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பத்திரத்தை வீட்டிலேயே ஒரு தடவை படித்து முடியுங்கள். நல்ல செய்தியைக் கடைசிப் பக்கத்தில் ஒளித்து வைக்கும் குணம் சர்க்காருக்கு உண்டு. நூலக வேலைக்கும் எழுதிப் போடுங்கள், எனக்குத்தான் நூலகர் பகை, உங்களுக்கு என்ன? வாங்கும்போது கடன் பெரிதாகத் தெரிகிறது. ஆனால் திருப்பிக் கட்டப் போகிறவன் பட்டதாரி, இப்போது பயப்படுகிறவன் வெறும் மாணவன். அவன் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதல் ஞாயிறு வகுப்பு முடிந்துவிட்டது. அன்று முருகேசன் வாடிக்கையாளனாக வந்தான். மூன்று தட்டு, இரண்டு டம்ளர், பேரம், அவசரம், நடுவில் என் அம்மாவைப் பற்றி ஒரு குசலம். பில் போட்டுக் கொடுத்தேன். ஆறு பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்: "ரெண்டாவது டம்ளர் எங்க வாத்தியாரே?"

நிஜமாகவே கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன். பத்து வருஷத்தில் ஒரு வாரம் கழிந்தது.