கை நனைக்காமல் எழுந்த நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்புகளைத் தாண்டியிருக்கும் ஓர் ஊருக்கு எனக்குப் பெண் பார்க்கப் போனோம். அன்றைக்கு வேட்டி கட்டியிருந்தால் இப்படி ஆகியிருக்காதோ, எல்லோரோடும் காரிலேயே போயிருந்தால் இப்படி ஆகியிருக்காதோ என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். என் புத்தி அப்படி. நடக்கப்போவதையும் விடாது, நடந்து முடிந்ததையும் விடாது.

முதலில் என் முகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அம்மாவின் அம்மா பர்மாக்காரர். தாத்தா அங்கே கடையில் வேலை பார்த்தபோது பாட்டியைக் கல்யாணம் செய்து, இங்கே கூட்டிக்கொண்டு வந்தாராம். அந்தச் சின்னக் கண்ணும் அமுங்கின மூக்கும் அம்மாவுக்கு வரவில்லை, அக்காவுக்கு வரவில்லை, என்னைத் தேடிப் பிடித்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் வாத்தியார்களைத் தவிர யாரும் என் பெயரைச் சொன்னதில்லை, 'சைனா'தான். ஒன்பதாம் வகுப்போடு நின்றதற்கு வீட்டில் ஏதேதோ காரணம் சொன்னேன். உண்மை இதுதான்.

இப்போது புதுக்கோட்டையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் என்னிடம் மட்டும் இந்தியில் ஊர் கேட்பார். டீக்கடையில் வாயைத் திறந்தால், "நல்லா தமிழ் பேசுறியேப்பா, வந்து எத்தனை வருசமாச்சு?" என்பார்கள். முதலில் எல்லாம் பர்மா கதையை விளக்கிக்கொண்டிருந்தேன். அப்புறம் அலுத்துப்போய், "சின்ன வயசுலயே வந்துட்டேங்க" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் பழகிக்கொண்டேன்.

அந்தச் சம்பந்தத்தை அக்கா வீட்டுக்காரர் கொண்டுவந்தார். பெண் கந்தர்வக்கோட்டையில் ஒரு மெடிக்கலில் வேலை பார்த்தாள். போட்டோ கேட்டார்கள். இருந்ததிலேயே கூலிங் கிளாஸ் போட்ட போட்டோவாகப் பார்த்து அனுப்பினேன். இரண்டு வீட்டிலும் சம்மதித்து போன் நம்பர் கொடுத்ததில், ஒரு மாதம் போல தினமும் பேசினோம். நன்றாகச் சிரிக்கச் சிரிக்கப் பேசுவாள். ஒருநாள் திடீரென்று, போட்டோவில் தெரிவதைவிடத் தான் கறுப்பு என்றும், பார்த்துவிட்டுப் போனவர்கள் எல்லாம் அதற்காகத்தான் வேண்டாம் என்றார்கள் என்றும், முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது என்றும் சொன்னாள். "அதெல்லாம் ஒரு விசயமாங்க" என்றேன். என் முகத்தைப் பற்றி நானும் சொல்லியிருக்க வேண்டிய நேரம் அது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லவில்லை.

பெண் பார்க்கும் நாளில் அம்மா, அக்கா, மச்சான், சொந்தக்காரர்கள் எல்லாரும் வாடகைக் காரில் முன்னால் போய்விட்டார்கள். இடம் பற்றவில்லை என்று நான் பேண்ட் சட்டையோடு என் வண்டியிலேயே போனேன். போய்ச் சேர்ந்து வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி இறங்கினேன். வாசலில் வாடகை பிளாஸ்டிக் சேர்களை இறக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். பெண்ணுடைய பெரியப்பா அவசரமாக வெளியே வந்தார். லோடு ஆட்டோவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"ஏய் பையா, சேர இங்கிட்டு எறக்கிட்டு நிக்கிற. உள்ள கொண்டுபோய்ப் போடு. ஜல்தி, ஜல்தி."

நான்தான் மாப்பிள்ளை என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். எனக்கு வாய் வரவில்லை. என்னமோ கை தன்னால் நீண்டு சேர்களைத் தூக்கிக்கொண்டது. அப்படியே உள்ளே போனேன். நடு வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். "டேய், என்னடா இது?" என்று மச்சான் எழுந்துவிட்டார். யாரோ சிரித்தார்கள். உள் அறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். போனில் ஒரு மாதம் கேட்ட சிரிப்பு, எனக்குத் தெரியாதா.

பெரியப்பா பதறிப்போனார். "மாப்ளைன்னு தெரியாமப் போச்சுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர். ஆனால் அதற்குள் என் தலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவள் காபி கொண்டுவந்தபோது அவள் காலைத்தான் பார்த்தேன். என் கண்ணைப் பார்த்துவிட்டாள், சிரித்துவிட்டாள், நாளைக்கு வேண்டாம் என்று சொல்லியனுப்புவார்கள், இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

இலை போட்டார்கள். எங்கள் பக்கம் பெண் வீட்டில் கை நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் பெண் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாமல் இல்லை. லோடு இருக்கிறது, கிளம்ப வேண்டும் என்று எழுந்துவிட்டேன். "ரெண்டு வாய் சாப்புட்டுப் போவோம்ப்பா" என்று அம்மா கெஞ்சாத குறையாகச் சொன்னது. நான் நிற்கவில்லை. வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்கள் வீட்டில் எப்படிச் சாப்பிடுவது என்பதுதான் என் கணக்கு. வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் நானும் இருக்கிறேன் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதன் பிறகு அவள் போன் பண்ணவில்லை. நானும் பண்ணவில்லை. பார்த்தாயா, நாம் நினைத்தது சரிதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தை மாதம் ஒரு லோடு இறக்கிவிட்டு கந்தர்வக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்தேன். யாரோ பக்கத்தில் வந்து நின்றார்கள்.

"இன்னக்கி கிளாஸ் போடலையா?"

அவள்தான். என் முகம் அவளுக்கு முதலிலேயே தெரியுமாம். நான் போட்டோ அனுப்பின வாரமே, நான் கண்ணாடி இல்லாமல் நிற்கிற தன் கல்யாணப் படங்களை என் அக்கா போனில் அனுப்பியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஒரு மாதம் பேசியிருக்கிறாள்.

"அப்பறம் ஏன் சிரிச்சீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"பொண்ணு பாக்க வந்த ஆளு சேரத் தூக்கிட்டு வந்தா சிரிக்காம? இப்பவே நம்ம வீட்டு வேலையெல்லாம் பாக்குதேன்னு சந்தோசமா சிரிச்சேன்." ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள். "நேர்ல பாத்ததும் ஒங்களுக்கும் என் கலர் புடிக்கலன்னு நெனச்சேன்."

"சத்தியமா அது இல்லைங்க. நீங்கதான் என்னைய வேணாம்பீங்கன்னு…"

"இத அன்னக்கே ஒரு போன் போட்டு சொல்லியிருக்கலாம்ல."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மாசியில் கல்யாணம் என்றாள், மாப்பிள்ளைக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் என்றாள். பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டாள்.

இப்போதெல்லாம் வந்து எத்தனை வருசம் என்று யாராவது கேட்டால், "பொறந்ததே இந்த ஊருதாங்க" என்று கண்ணைப் பார்த்துச் சொல்கிறேன். கொஞ்சம் குரல் நடுங்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். ஊரார் என் முகத்தைப் பற்றிச் சொன்னதை எல்லாம் நான் நம்பிவிட்டதில் நஷ்டம் எனக்கு மட்டும்தான் என்று அவளை பஸ் ஸ்டாண்டில் பார்க்கும் வரை நினைத்திருந்தேன். தன் நிறத்தைத் தானே முன்வந்து சொல்லும் தைரியம் இருந்த ஒருத்தி, ஆவணியிலிருந்து தை வரைக்கும் கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் என்ன நினைத்திருப்பாள் என்பதுதான் இன்றைக்கும் எந்த வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்தாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருகிறது.