கடைசி ஓலை

நிளை ஆற்றங்கரையில் ஏடு பெயர்த்தெழுதியவர்களில் இரவி வாரியர் கை சுத்தம் என்று பெயர். காலையில் அம்பலத்தில் சுவாமிக்கு மாலை கட்டிவிட்டு, பிறகு திவாகரன் நம்பூதிரியின் இல்லத்தில் எழுத்தாணி பிடிப்பார்.

அந்த மழைக்காலத்தில், அக்கரையிலிருந்த பவத்ராதன் நம்பூதிரியிடம் திவாகரன் இரவலாக வாங்கிய கணித ஏட்டை வாரியர் பிரதி எடுத்தார். வட்டத்தின் சுற்றளவுக்கு ஒரு வழி அதில் இருந்தது. விட்டத்தின் நான்கு மடங்கை எடுத்துக்கொண்டு, அதில் மூன்றில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். அதே நான்கு மடங்கில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும். ஏழில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். அப்படியே முடிவில்லாமல் போகும்.

விட்டம் ஆயிரம் என்று வைத்துத் திவாகரன் சோழி பரப்பிக் கணக்கிட்டார். ஐம்பது படி போயும் விடை, ஏற்கெனவே தெரிந்த அளவைவிட இருபது குறைவு.

"எத்தனை வரிய முழுங்கினீரு வாரியரே?"

"ஒரு எழுத்துகூட விடல, திருமேனி."

திவாகரன் நம்பவில்லை. அன்று முதல் வாரியர் கிளம்பும்போது ஓலை எதையும் ஒளித்திருக்கிறாரா என்று அவருடைய பூக்குடலையை இல்லத்துக் காரியஸ்தன் கவிழ்த்துப் பார்த்தான். வாரியர் வீட்டில் இதைச் சொல்லவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மூன்றாம் நாள் திவாகரன் இன்னொரு படி போனார். இப்போது இருபது கூடுதல். கூடத்தில் இருந்த வாரியர் மெல்லச் சொன்னார்:

"நான் வரிய விட்டிருந்தா எப்பவும் ஒரே பக்கம்தானே சாயும், திருமேனி? இது ரெண்டு பக்கமும் ஆடுது. நிறுத்துற இடத்துல மிச்சத்தச் சரிக்கட்ட ஏதோ வழி இருக்கணும். மூல ஏட்டுல முடிவு வரியே இல்ல."

வாரியரே ஆற்றைக் கடந்து பவத்ராதனிடம் போனார். அவர் மறைக்கவில்லை.

"கடைசி ஓலைய நான்தான் உருவி வச்சேன். உங்க திருமேனி அத தன் பேர்ல சொல்லிக்க மாட்டார்னு என்ன நிச்சயம்?"

"அதுக்கு என் குடலைய தினம் கவிழ்க்கிறாங்க."

பவத்ராதன் உள்ளே போய் அந்த ஓலையை எடுத்து வந்தார். பிறகு தன் கண்ணெதிரே எழுதிக்கொள்ளச் சொன்னார். வாரியர் எழுதி முடிக்கும்வரை அவர் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவே இல்லை.

வாரியர் திரும்பி வந்ததும் திவாகரன் கேட்ட முதல் கேள்வி: "இது நிஜமா அவர் கொடுத்ததா, நீரே கட்டினதா?"

"போட்டுப் பாருங்க."

ஐம்பதாம் படியில் நிறுத்தி ஓலையில் சொன்ன திருத்தத்தைக் கூட்டினார். ஐம்பத்தோராம் படியில் நிறுத்திக் கழித்தார். இரண்டும் ஒரே எண்ணில் வந்து நின்றன. திவாகரன் சோழிகளைக் கலைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை.

வாரியர் அடுத்த நாள் போகவில்லை. பிறகு வேறு இல்லங்களில் இருபது வருடம் எழுதினார். எந்த ஏட்டைக் கையில் வாங்கினாலும், கொடுத்தவர் முன்னாலேயே ஓலைகளை எண்ணிவிட்டுத்தான் உட்காருவார்.